கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகம்: அவசரமில்லாமல் சுற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

திருச்சியிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தபோது, "நம்ம ஊர் மியூசியத்தைக் காட்டுகிறேன், வாருங்கள்" என்று பெரிய ஆள் மாதிரி எல்லோரையும் நாகர்கோவிலிலிருந்து கிளப்பிக்கொண்டு போனேன். போனால் கேட் பூட்டு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் பூட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இதுவும் காட்சிப் பொருளா?" என்று கேட்டான். அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் திரும்பக் கூட்டிப் போனேன். அந்த இரண்டாவது நாளில் நாங்கள் சுற்றிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எழும்பூர் மியூசியம் இல்லை. காந்தி மண்டபத்துக்குப் போகும் சாலையில் இருக்கிற சின்ன இடம், 1991ல் தொடங்கியது. வேகமாக நடந்தால் கால் மணி நேரத்தில் மறுபக்கம் வந்துவிடலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். சூரிய உதயம், படகு, பாறை, வள்ளுவர் சிலை, காந்தி மண்டபம், ஒரு பாசிமாலை, அதோடு பஸ். நடுவில் வெயிலுக்கு ஒதுங்குகிற மாதிரி மியூசியத்துக்குள் ஒரு ரவுண்டு. அப்படிப் பார்த்தால் ஒன்றும் இல்லாத இடமாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே கிடக்கிற பலவற்றுக்கும் ஒரு உறவுக்காரர், அதாவது அதே மாதிரி இன்னும் புழக்கத்தில் இருப்பது, இந்த மாவட்டத்திலேயே, பஸ் தூரத்தில் இருக்கிறது. உள்ளே பார்த்ததை வெளியே போய்த் தேடிப் பிடிப்பதுதான் இங்கே விளையாட்டே.

நாளும் நேரமும்

அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனியும் தேசிய விடுமுறை நாட்களும் அப்படியே. மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை. கையோடு பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்க்க நினைத்தால் இன்னொரு சிக்கல் உண்டு, அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆக வெள்ளியும் திங்களும் அடிபட்டுப் போகின்றன. செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஞாயிறும் ஆகும், ஆனால் அரண்மனையில் கூட்டம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் சீசனில் எந்தக் கிழமையானாலும் கூட்டம்தான்.

ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் மியூசியம் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். உதயம் பார்க்க விடியற்காலையில் எழுந்தவர்கள் அறைக்குப் போய்க் குளித்து, இட்லியோ புட்டோ சாப்பிட்டுவிட்டு நடந்தே வரலாம். நாகர்கோவிலிலிருந்து வருகிறவர்களுக்கு அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ் கிடைத்துக்கொண்டே இருக்கும், ஏறத்தாழ 20 கிலோமீட்டர்.

கையில் ஒரு சின்ன நோட்டு, பென்சில், தண்ணீர் போதும். போனில் படம் எடுக்கலாமா என்று டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், உள்ளே போய் எடுத்துவிட்டுத் திட்டு வாங்க வேண்டாம். குழந்தைகளுக்கு நோட்டு கட்டாயம். படம் எடுக்கிற பிள்ளை பொருளைப் பார்ப்பதில்லை, வரைகிற பிள்ளைக்குப் பார்க்காமல் முடியாது.

முதல் பத்து நிமிடம்

எதற்கு முன்னாலும் நிற்காமல் ஒரு சுற்று முழுக்க நடங்கள். கற்சிலைகள், வெண்கலங்கள், தேர்ச் சிற்பங்கள், திமிங்கல எலும்பு, திருவிதாங்கூர் காசுகள், மலைவாழ் மக்களின் பொருட்கள் என்று எது எங்கே இருக்கிறது என்பது பிடிபட்டுவிடும். அப்புறம் ஆளுக்கு நான்கு பொருள் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று கேள்வி: எதால் செய்தது, யார் கை அதில் பட்டது, எப்படி இங்கே வந்து சேர்ந்தது. மூன்றாவதுக்குத்தான் ருசியான பதில் கிடைக்கும், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

எதையும் தொடாதீர்கள் என்று எல்லா மியூசியத்திலும் எழுதியிருக்கும். கல்லைத் தொட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைப்போம். கையில் இருக்கிற எண்ணெயும் வியர்வையும் வெண்கலத்தையும் மரத்தையும் மெல்லத் தின்னும், இது ஒரு காரணம். பாடம் செய்த பறவை விலங்கு எங்கே பார்த்தாலும் அதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் என்ற விஷத்தைத்தான் தடவினார்கள். இதைச் சொன்ன பிறகு எங்கள் பையன் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டே நடந்தான்.

திமிங்கல எலும்பு

குழந்தைகள் நேராக ஓடுவது இதற்குத்தான், விட்டுவிடுங்கள். அவர்கள் ஓடி முடித்ததும் மறுபடி கூப்பிட்டு முதுகெலும்புத் துண்டு ஒன்றின் பக்கத்தில் நிறுத்துங்கள். அதன் மேல்பரப்பு வழவழப்பாக இருக்காது, கடற்பஞ்சு மாதிரி துளைத் துளையாக இருக்கும். அந்தத் துளைகளுக்குள் எண்ணெய் நிறைந்திருந்தது. அதனால்தான் திமிங்கல எலும்பைச் சுத்தம் செய்வது பெரிய தலைவலி. கரையில் ஒதுங்கிய உடலை மணலில் புதைத்து, சதை மட்கும் வரை மாதக் கணக்கில், சில நேரம் வருடக் கணக்கில் காத்திருந்து தோண்டி எடுப்பார்கள். அப்போதும் நாற்றமும் எண்ணெய்க் கசிவும் லேசில் போகாது.

எங்கே திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்தாலும் முன் துடுப்பைத் தேடுங்கள். வெளியே துடுப்பு, உள்ளே தோளெலும்பு, முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கையின் அதே வரிசை. மீனுக்கு அப்படி இருக்காது. முதுகெலும்பு வளையும் விதமும் வேறு. மீன் வாலை இடம் வலமாக ஆட்டும், திமிங்கலம் மேலும் கீழுமாக. நிலத்தில் நாலு காலில் ஓடிய பாலூட்டியின் வம்சம் என்பதற்கான அடையாளங்கள் இவை.

நம் கடலில் திமிங்கலமா என்று கேட்பவர்களுக்கு: 2016 ஜனவரியில் இங்கிருந்து கிழக்கே போனால் வரும் மணப்பாடு கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின. மீனவர்கள் ராத்திரியெல்லாம் கடலுக்குள் இழுத்து விட்டும் பல மறுபடி கரைக்கே திரும்பி வந்தன. 1973லும் அந்தப் பகுதியில் இப்படி நடந்திருக்கிறது. பெயரில் திமிங்கலம் என்றாலும் பைலட் திமிங்கலம் ஓங்கில் (டால்பின்) குடும்பத்தைச் சேர்ந்தது.

தேர் மரம்

எனக்கு மிகப் பிடித்த பகுதி. தேர்ச் சிற்பம் என்றால் முழுத் தேர் என்று நினைத்துப் போகாதீர்கள், தேரிலிருந்து வந்த துண்டுகள்: யாளி, குதிரை, தெய்வ உருவங்கள் செதுக்கிய பலகைகள். தேருக்குப் பெரும்பாலும் இலுப்பை, வேங்கை, தேக்கு போன்ற மரங்கள். வருடம் முழுக்க வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டும், திருவிழா நாளில் பல டன் பாரத்தோடு குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும், சாதாரண மரம் தாங்காது.

பலகையின் முன்பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தெரிந்தால் அதுதான் கழுந்து, இன்னொரு மரத்தின் துளைக்குள் போய் உட்காரும் இடம். ஆணிக்கு அவ்வளவு வேலை இல்லாமல் மரத்தோடு மரத்தைக் கோத்தே அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். ஆகவே ஒரு பலகை உளுத்துவிட்டால் அதை மட்டும் கழற்றி வேறு மாட்ட முடியும். கழற்றியது எங்கே போகும்? கோயில் பின்கட்டில் கிடக்கும், இல்லையென்றால் அடுப்புக்குப் போகும், அதிர்ஷ்டம் இருந்தால் இப்படி ஒரு கூடத்துக்கு வரும்.

இதன் உறவுக்காரரை வழியிலேயே பார்த்துவிடலாம். கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் திரும்பும் வழியில்தான் சுசீந்திரம். அங்கே மார்கழித் திருவிழாவில் தேர் ஓடும். மற்ற நாட்களில் தேர் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சக்கரத்தின் உயரத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், காலையில் பார்த்த பலகை எந்த அடுக்கில் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வடம் பிடித்து இழுத்த ஆட்கள் யாராவது அகப்பட்டால் முட்டுக்கட்டை போடுவது பற்றிக் கேளுங்கள். நகருகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித்தான் அதைத் திருப்புவதும் நிறுத்துவதும். கொஞ்சம் பிசகினால் கை போய்விடும். அதைச் செய்கிறவர்கள் அதைப் பற்றிப் பேசுகிற விதமே தனி.

வெண்கலம்

சாமி சிலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்கு. போட்டுக்கொண்டு, அப்புறம் கீழே பாருங்கள். பீடத்தில் துளையோ வளையமோ இருக்கிறதா? இருந்தால் அது உற்சவர், தண்டு செருகிக் கட்டிப் பல்லக்கிலும் வாகனத்திலும் வைத்துத் தெருவெல்லாம் சுமந்தது. அடுத்து முகம். மூக்கும் கண்ணும் மழுங்கிப் போய், முதுகுப்பக்க வேலைப்பாடு மட்டும் கூர்மையாக இருந்தால், பல தலைமுறை எண்ணெய்க் காப்பும் அபிஷேகமும் துடைப்பும் நடந்த சிலை. முகமும் கூர்மையாக இருந்தால் சீக்கிரமே மண்ணுக்குள் போயிருக்கலாம்.

இந்தச் சிலைகளைத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில்தான் முதலில் செய்வார்கள். மேலே மண் பூசி, காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். வார்த்து முடிந்ததும் மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான், ஜோடி போட முடியாது.

எப்படி வந்தது என்ற கேள்விக்கு இங்கே நல்ல கதை இருக்கிறது. தமிழ்நாட்டு மாவட்ட மியூசியங்களில் இருக்கும் வெண்கலங்களில் நிறைய, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் வயலில் உழும்போதும் கிடைத்தவை. படையெடுப்புக்கும் கொள்ளைக்கும் பயந்து கோயில்காரர்களே புதைத்து, புதைத்த இடம் தெரிந்தவர்களும் செத்துப்போய், மறந்துபோன சாமிகள். 1878ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய்! நாளைக்கு உங்கள் தென்னந்தோப்பில் ஏதாவது தட்டுப்பட்டால் வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

காசு

காசுப் பெட்டி முன்னால் யாரும் அரை நிமிடம் நிற்பதில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரி சின்னச் சின்ன வட்டம். ஒரு கணக்கு தெரிந்தால் நிற்பீர்கள். 1956 நவம்பர் 1 வரை நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டில் இல்லை. சுதந்திரத்துக்கு முன் திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சியில் இருந்தவை, அவருக்கு நாணயமும் தனி. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய் வேண்டுமென்றால் இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வேறு காசு. கணவாய்க்கு அந்தப் பக்கம் சந்தைக்குப் போய் வந்தவர்கள் இந்த அரைச் சக்கரத்தை மனக்கணக்கில் வைத்துக்கொண்டேதான் பேரம் பேசியிருக்க வேண்டும்.

திருவிதாங்கூர் காசில் சங்கைத் தேடுங்கள், அது அரச முத்திரை. அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சக்கரம் என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா இன்றைக்கும் கையில் பணமில்லை என்பதற்கு "ஒரு சக்கரம் இல்ல மக்களே" என்றுதான் சொல்வார்.

கல்லும் எழுத்தும்

கற்சிலைகளை ரசிக்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். எழுத்துள்ள கல் எங்கே பார்த்தாலும் இரண்டு விஷயம். ஒன்று, இந்தப் பகுதியில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து மற்ற தமிழ்ப் பகுதிகளை விட நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. அதனால் உங்களுக்கு ஒரு எழுத்தும் பிடிபடாமல் போனால் கண்ணில் கோளாறு இல்லை. இரண்டு, தேதி பல நேரம் கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டு) இருக்கும். அதோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில வருடம், ஆவணி முதல் டிசம்பர் வரை உள்ள மாதமாக இருந்தால் 824. கொல்லம் 920 என்று இருந்தால் 1744-45. சுண்ணாம்பும் சாக்பீஸும் தடவி எழுத்தைத் தெளிவாக்குகிற பழக்கம் மட்டும் வேண்டாம், கல் கெட்டுப்போகும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சம் போதும், காலையிலும் மாலையிலும் சூரியனே அதைக் கொடுக்கும்.

பழகிப் பார்க்க வேண்டுமென்றால் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலைக்குப் போங்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர்களும் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் பாறையிலேயே இருக்கின்றன. மலையேறத் தனி நாள் ஒதுக்குங்கள், மதிய வெயிலில் போகாதீர்கள்.

மலைக்காரர்களின் பொருட்கள்

இங்கே கொஞ்சம் அடக்கத்தோடு பார்க்கச் சொல்வேன். பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு மலைகளில் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் இன்றும் வாழ்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு கல்லூரியில் படிக்கிறார்கள். பெட்டிக்குள் பார்க்கிறபோது ஏதோ அழிந்துபோன இனம் மாதிரி தோன்றிவிடும். மூங்கிலில் செய்த பொருள் இருந்தால் முடைந்த விதத்தைப் பாருங்கள். கொக்கரை என்ற வாத்தியம் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். பல் வெட்டிய இரும்புக் குழல், அதன் மேல் ஒரு இரும்புக் குச்சியால் உரசினால் கரகரவென்று தாளம் வரும், அதை வாசித்துக்கொண்டேதான் நோய் தீர்க்கும் சாற்றுப் பாட்டுப் பாடுவார்கள்.

மதியத்துக்கு மேல்: பத்மநாபபுரம்

பன்னிரண்டு மணிக்குள் மியூசியத்தை முடித்துவிட்டு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரம் போகும் பஸ் எதில் ஏறினாலும் தக்கலையில் இறங்கலாம். அங்கிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ உண்டு. அரண்மனை மதியம் 1 மணிக்கு மூடி 2 மணிக்குத் திறக்கும், அந்த இடைவெளியில் போய் நிற்காதீர்கள். தக்கலையிலேயே மீன் சோறு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போங்கள். 4.30க்கு முடித்துவிடுவார்கள்.

அரண்மனை இருப்பது நம் மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மாவட்டம் இந்தப் பக்கம் வந்தபோது அரண்மனை மட்டும் அவர்கள் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. காலையில் பெட்டிக்குள் பார்த்த காசை அச்சடித்த அரசு 1795 வரை இங்கிருந்துதான் நடந்தது.

செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், சந்தோஷமாகக் கழற்றுங்கள், ஏனென்றால் தரைதான் இங்கே முதல் அதிசயம். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் போட்ட கறுப்புத் தரை, வெறுங்காலில் குளிர்ந்திருக்கும். பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் தலையை உயர்த்துங்கள், மரக்கூரையில் தொண்ணூறு வகைப் பூ. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கண்ணாடிக்குப் பதில் அபிரக (மைக்கா) தகடு பதித்த சன்னல். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண். காலையில் தேர்ப் பலகை பார்த்த கண்ணோடு அந்தத் தூணுக்கு முன்னால் நின்றால், இரண்டையும் ஒரே ஊர்த் தச்சர்கள்தான் செய்திருப்பார்கள் என்று சொல்லத் தோன்றும். எனக்கு ஆதாரமெல்லாம் இல்லை, கண் சொல்கிறது, அவ்வளவுதான். ஊட்டுப்புரையில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். ஊறுகாய்ப் பரணிகளின் அளவைப் பார்த்தால் நம்பலாம்.

நேரம் மிச்சமிருந்தால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை, 1741ல் குளச்சலில் பிடிபட்டு அப்புறம் மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத்தலைவனான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. எங்களுக்கு நேரமில்லை. தக்கலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பையன் பென்சிலை எடுத்து டிக்கெட்டின் பின்னால் ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, இருபது ரூபாய்க்கு எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது காசு. கண்டக்டர் எண்ணி முடிக்கிறதுக்குள்ள நாகர்கோவில் வந்துடும்" என்றான்.